புது டியூப்லெஸ் டயர் மாட்டியதிலிருந்து காத்து மெதுவா இறங்குது, எங்கே தேடுறது?

முத்துநகர்_ரைடர்

எல்லாருக்கும் வணக்கம். 150 சிசி பைக், அலாய் வீல், பின்னாடி டிஸ்க். போன வாரம் பின் டயர் புதுசு போட்டேன், 120/80-17 டியூப்லெஸ். கடையில மெஷின்லதான் ஏத்துனாங்க. காத்தழுத்தம் 28 பிஎஸ்ஐ வச்சா ரெண்டு நாள்ல 21க்கு வந்துடுது. பழைய டயர் தேஞ்சு போயிருந்தாலும் காத்து நின்னுச்சு.

டிரெட் (ரோட்டுல படுற பக்கம்) முழுக்க விளக்கு அடிச்சுப் பார்த்தாச்சு, ஆணி, முள்ளு எதுவும் இல்லை. கடையில கேட்டா ஒருத்தர் ஓட்டையை அடைக்கிற லிக்விட் உள்ளே ஊத்திடலாம்னு சொல்றார், இன்னொருத்தர் டியூப் போட்டுட்டா தொல்லையே இல்லைங்கிறார். நைட்ரஜன் அடிச்சா இறங்காதுன்னும் சொன்னாங்க.

வேற விவரம்: வால்வு பழசுதான், மாத்தலை. ரெண்டு வீலுக்கும் முன்னாடியே கருப்பு பவுடர் கோட்டிங் போட்டிருக்கு. ஊர் தூத்துக்குடி, வீடு கடற்கரைப் பக்கம். எங்கே இருந்து ஆரம்பிக்கலாம்? டயர் கம்பெனிகிட்ட வாரண்டி கேக்கலாமா?

---

வால்வுபின்

லிக்விட்டைத் தயவுசெய்து இப்போது ஊற்றாதீர்கள். ஊற்றிய பிறகு கசிவு எங்கே என்று தேடுவதே பெரும்பாடு. வண்டி ஓடும்போது அது டிரெட்டின் உள்பக்கம் போய்ப் பரவும். ஆணி ஓட்டைக்கு அது உதவும். ரிம் ஓரக் கசிவுக்கும் வால்வுக் கசிவுக்கும் அதை நம்ப முடியாது. வால்வு பின்னில் (வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் சின்ன ஊசி) போய் அடைத்துக்கொண்டால் காற்று அடிப்பதும் சிரமம், அழுத்தம் பார்க்கும் கேஜ் காட்டுவதும் தப்பாகிவிடும்.

நைட்ரஜனும் இதற்கு மருந்தல்ல. நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் வழி இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வெளியேறும்.

முதலில் அளவைச் சரியாக எடுங்கள். மதிய வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் பங்க்கில் 28 வைத்தால், உள்ளே இருக்கும் காற்று 45 டிகிரியில் இருக்கலாம். மறுநாள் விடியற்காலை 27 டிகிரியில் பார்த்தால், ஒரு துளி கசியாமலே 25.5 தான் காட்டும். (28 உடன் வளிமண்டல அழுத்தம் 14.7 கூட்டினால் 42.7. அதை 300/318 ஆல் பெருக்கி, திரும்ப 14.7 கழித்துப் பாருங்கள்.) ஆக உங்கள் ஏழில் இரண்டரை வரை சூடு செய்த வேலையாக இருக்கலாம். மீதி நாலரை நிஜமான கசிவு. நல்ல டியூப்லெஸ் டயர் மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிஎஸ்ஐ இறங்கும். இரண்டு நாளில் நாலரை என்பது தேடிப் பிடிக்க வேண்டிய கசிவுதான்.

இனிமேல் வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, காலையில், ஒரே கேஜில் பாருங்கள். பங்க்குக்குப் பங்க் கேஜ் மாறும். அடிக்கடி கேஜ் வைத்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று போகும், அதையும் கசிவுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்தது வால்வு. வீலைக் கழற்றாமலே பார்த்துவிடலாம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வால்வு மேலே வரும்படி வீலைச் சுற்றி நிறுத்துங்கள். அப்போது வால்வின் வாய் கீழே அச்சு பக்கம் பார்த்திருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக் கீழிருந்து உயர்த்தி வால்வு வாயை அதில் முக்குங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பத்து நொடிக்கு ஒரு காற்றுக் குமிழ் வந்தாலும் வால்வு பின் கசிகிறது என்று அர்த்தம். பின்னை வால்வு சாவியால் இறுக்குங்கள். உட்கார்ந்ததும் கால் சுற்றுக்கும் குறைவாக. அழுத்தி முறுக்கினால் பின்னின் சின்ன வாஷர் நசுங்கி, முன்னைவிட மோசமாகும். இறுக்கியும் நிற்கவில்லையென்றால் புதுப் பின்.

பிறகு வால்வின் அடிப்பாகம், ரிம்மில் நுழையும் இடம். சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு, வால்வை விரலால் நாலு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வயதான ரப்பர் வால்வு சும்மா இருக்கும்போது பிடித்துக்கொள்ளும், வளைத்தால்தான் வெடிப்பு திறந்து நுரை வரும். புது டயர் போடும்போது மெஷினிலோ லீவரிலோ வால்வு இடிபட்டு, அடியில் கிழிவதும் உண்டு.

கசிகிறதோ இல்லையோ, எப்படியும் டயர் கழறினால் அந்தப் பழைய வால்வை மாற்றிவிடுங்கள். டயர் விலைக்கு முன்னால் வால்வு ஒன்றுமே இல்லை. ரிம் ஓட்டையை மட்டும் அளந்து வாங்குங்கள்: பெரும்பாலும் 11.3 மில்லிமீட்டர், அதற்கு டிஆர் 412 அல்லது 413 ரப்பர் வால்வு. 412 குட்டை, 413 கொஞ்சம் நீளம். சில வீல்களில் ஓட்டை 8.3 மில்லிமீட்டர், அதற்கு நட் போட்டு இறுக்கும் உலோக வால்வுதான் சேரும்.

வால்வு மூடியையும் அலட்சியமாக விடக்கூடாது. வீல் வேகமாகச் சுற்றும்போது மையவிலக்கு விசை பின்னைத் திறக்கும் பக்கம்தான் தள்ளுகிறது. சாதாரண வேகத்துக்கு ஸ்பிரிங் தாங்கும், ஸ்பிரிங் தளர்ந்த பின்னுக்குத் தாங்காது. உள்ளே ரப்பர் வாஷர் உள்ள மூடியாகப் போடுங்கள்.

---

ரிம்_ஓரம்

மேலே வால்வு பற்றிச் சொன்னதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் தந்த விவரத்தில் என் கண்ணில் பட்டது பவுடர் கோட்டிங்கும் கடற்காற்றும்தான். புது டயர், பழைய ரிம், கசிவு என்றால் பெரும்பாலும் டயரின் பீட், அதாவது உள்விளிம்பு, ரிம்மில் உட்காரும் இடத்தில்தான் வில்லங்கம் இருக்கும்.

பழைய டயரில் ஏன் நின்றது என்றால், பல வருடம் அழுந்தி உட்கார்ந்த ரப்பர் ரிம்மின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஏற்ப வடிவெடுத்து, கிட்டத்தட்ட ஒட்டியே போயிருக்கும். அதைப் பிரித்தெடுக்கும்போது உரிந்த பெயிண்ட், ரப்பர்த் துணுக்கு, அலுமினியம் பூத்த வெள்ளைப் பொடி எல்லாம் ரிம்மிலேயே தங்கிவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுசை ஏற்றினால், புது ரப்பர் அந்தத் துணுக்குகளின் மேல் உட்காரும். நடுவில் முடி அளவு இடைவெளி போதும், ராத்திரியெல்லாம் காற்று போய்க்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி:

ஒரு ஷாம்பு பாக்கெட்டை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். தண்ணீரில் முதலில் ஷாம்புவைப் போட்டுக் குலுக்கினால் பாட்டில் முழுக்க நுரையாகி, எது கசிவு நுரை என்று தெரியாது. மெதுவாகக் கலக்குங்கள். டிஸ்கின் மேல் ஒரு பாலிதீன் பை சுற்றிக்கொள்ளுங்கள், பிரேக் பேடில் ஷாம்பு ஏறக்கூடாது.

டயரில் 40 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவு அதைவிடக் குறைவு என்றால் அதோடு நிறுத்துங்கள். ரிம்மும் டயரும் சேரும் கோட்டில் இரண்டு பக்கமும் தாராளமாக அடியுங்கள். உடனே பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். வேகமான கசிவுதான் பெரிய குமிழாக வரும். உங்களுடையது மாதிரி மெதுவான கசிவு ஐந்து, பத்து நிமிடம் கழித்து, பொடிப்பொடியாக வெள்ளை நுரைக் கோடாகத் தெரியும். காயக் காய மறுபடி அடித்துக்கொண்டே இருங்கள். நிழலில் செய்தால் சீக்கிரம் காயாது.

40இல் தெரியவில்லையென்றால் 20க்கு இறக்கி இன்னொரு தடவை பாருங்கள். அழுத்தம் அதிகமானால் பீட் வெளிப்பக்கம் இறுகி சில கசிவுகள் அடைத்துக்கொள்ளும், குறைத்தால்தான் வாய் திறக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நுரை வந்த இடத்தில் ரிம்மிலும் டயரிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு ரொம்ப முக்கியம். டயரைப் பிரித்த பிறகு குற்றம் ரிம்மிலா டயரிலா என்று சொல்லப்போவது அதுதான். பிரித்தும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையென்றால், சுத்தம் செய்துவிட்டு டயரை அரைச் சுற்றுத் தள்ளி மாட்டுங்கள். கசிவு ரிம்மின் கோட்டிலேயே வந்தால் ரிம். டயரின் கோட்டோடு நகர்ந்தால் டயர் பீட்.

பிரிப்பதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில், ரிம் ஓரத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் மெல்லிய வார்ப்புக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி முழுச் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போய் மறைந்திருந்தால், அங்கே பீட் முழுசாக உட்காரவில்லை. இதற்கு ரிம்மைத் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை: காற்றை இறக்கி, அந்த இடத்தில் பீட்டை உள்ளே தள்ளி, சோப்புத் தண்ணீர் அல்லது டயர் பேஸ்ட் தடவி, வால்வு பின்னைக் கழற்றிவிட்டு மறுபடி காற்று அடியுங்கள். பின் இல்லாவிட்டால் காற்று வேகமாக நுழைந்து பீட்டைத் தள்ளும். இரண்டு பக்கமும் "டப்" என்று சத்தம் கேட்கும். 40 தாண்டியும் உட்காரவில்லையென்றால் இறக்கிவிட்டுத் திரும்பத் தடவுங்கள். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பீட் கம்பி அறுந்தால் பக்கத்தில் குனிந்து நிற்பவருக்குப் பெரிய காயம் ஆகும்.

தடவுவதற்கு கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அவை ரப்பரை ஊதவைக்கும், காய்ந்தும் போகாது. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேலேயே நகரும்.

---

நெடுஞ்சாலை_நாடோடி

இவ்வளவு வேலை எதுக்கு? 120/80-17 டியூப் ஒண்ணு வாங்கிப் போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சுது. நம்ம பக்கம் பஞ்சர் கடைகள்ல நிறைய பேருக்கு அப்படித்தான் போட்டுத் தர்றாங்க, ஓடிட்டுத்தான் இருக்கு.

---

ரிம்_ஓரம்

ஓடும், நாடோடி சார், மறுக்கவில்லை. ரிம் அதிகமாக அரித்துப்போய், புது வீல் வாங்கும் வரைக்கும் சமாளிக்க வேண்டுமென்றால் டியூப் ஒரு வழிதான். ஆனால் டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ஆணியே அடைப்பு மாதிரி நின்று காற்று மெதுவாக இறங்கும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். டியூப் போட்டுவிட்டால் டியூப் கிழிந்து காற்று வால்வு ஓட்டை வழியாகவும் ரிம் ஓரம் வழியாகவும் சட்டென்று வெளியேறும். பின் வீலில், நாற்கரச் சாலையில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அது நடக்கக்கூடாது. டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் உரசல் சூடும் கூடும். உப்பு அரித்த ரிம்மின் சொரசொரப்பு டியூப்பையும் தின்னும். கசிவுக்கு மேலே மூடி போட்ட மாதிரி இருக்குமே தவிர, அரிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பழைய வண்டிகளின் அலாய் வீல் டியூப் டயருக்காகவே வார்த்தது. ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 17 இன்ச்சுக்குப் பக்கத்தில் "எம்டி" என்று இருந்தால் பீட் நழுவாமல் பிடிக்கும் மேடு உள்ள டியூப்லெஸ் ரிம். "டபிள்யூஎம்" என்று இருந்தால் அந்த மேடு கிடையாது. அதில் டியூப் இல்லாமல் ஓட்டவே கூடாது.

---

முத்துநகர்_ரைடர்

ரொம்ப நன்றி. ரிம்முல எம்டி 2.50ன்னுதான் இருக்கு. கிண்ணத்துல முக்கிப் பார்த்தேன், வால்வு வாயில ஒண்ணும் வரலை. அடிப்பாகத்தை வளைச்சப்பவும் நுரை இல்லை. 40ல ரிம் ஓரம் சுத்தமா இருந்துச்சு. 20க்கு இறக்கினப்புறம் டிஸ்க் இல்லாத பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை நுரை கோடு. வார்ப்புக் கோடு சுத்தியும் சமமாத்தான் இருக்கு. அந்த இடத்துல ரிம் ஓரத்துல கோட்டிங் கொஞ்சம் உப்பி இருக்கற மாதிரி தெரியுது. இதைக் கடையில எப்படிச் சொல்லிச் செய்ய வைக்கிறது? நானே செய்யலாமா?

---

ரிம்_ஓரம்

கண்டுபிடித்துவிட்டீர்கள். உப்பிய கோட்டிங்குக்கு அடியில் உப்பு புகுந்து அலுமினியம் பூத்திருக்கிறது. காற்று ரப்பருக்கும் கோட்டிங்குக்கும் நடுவில் போகவில்லை. கோட்டிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் போகிறது. இந்த நிலையில் டயரை எத்தனை தடவை மாற்றி மாட்டினாலும் நிற்காது.

டயரைப் பிரிப்பதும் ஏற்றுவதும் கடையில் நடக்கட்டும். நடுவில் உள்ள சுத்தம் செய்யும் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று செய்யுங்கள், அல்லது செய்யச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் துணியால் துடைத்துவிட்டு ஏற்றிவிடுவார்கள்.

வீல் கழறியிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை அழுத்தக்கூடாது; பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டால் டிஸ்க் திரும்ப நுழையாது. வீலைப் படுக்கவைத்தால் டிஸ்க் மேல் பக்கம் இருக்கட்டும், அடியில் பழைய டயர் ஒன்றைப் போடுங்கள்.

பிரித்ததும் முதலில் டயரின் பீட்டை, முழுச் சுற்றும், இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான உரசல் பரவாயில்லை. ரப்பர் பிளந்து உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தால் அந்த டயர் போய்விட்டது, ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. வாரண்டி பற்றிக் கேட்டீர்களே: வார்ப்பில் வந்த குறைக்குத்தான் வாரண்டி. லீவர் கிழித்ததற்கும் ரிம் அரிப்புக்கும் கம்பெனி பொறுப்பேற்காது. லீவர் கிழிசல் என்றால் மாட்டிய கடையிடம்தான் கேட்க வேண்டும். பீட் மேல் புது டயருக்கே உரிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் வழித்துவிடுங்கள், அவையும் பீட்டைத் தூக்கிப் பிடிக்கும்.

இனி ரிம். உப்பிய கோட்டிங்கைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள், உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை. வெள்ளைப் பொடியைப் பித்தளை பிரஷ்ஷால் எடுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம், அலுமினியத்தைக் கீறிவிடும். பிறகு 220 நம்பர் உப்புத்தாள், அதன்மேல் 400. தேய்ப்பது எப்போதும் ரிம்மின் சுற்று வாக்கில்தான். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் உள்ளிருந்து வெளியே போகும் வாய்க்கால் ஆகிவிடும். கோட்டிங் முடியும் இடத்தில் படிக்கட்டு மாதிரி விளிம்பு நிற்கக்கூடாது. நகத்தால் வருடினால் தட்டாத அளவுக்குச் சாய்வாகத் தேயுங்கள். நுரை வந்த ஒரு சாணோடு நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் முழுச் சுற்றையும் பாருங்கள், ஓரிடத்தில் உப்பியிருந்தால் வேறிடத்திலும் தொடங்கியிருக்கும். வால்வு ஓட்டையின் ஓரத்தில் கோட்டிங் தடித்திருந்தால் அதையும் வழித்துவிடுங்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தேய்த்த இடம் கைக்கு வழவழப்பாக இருந்தால் அப்படியே ஏற்றலாம். ஆனால் உங்கள் ஊர்க் காற்றுக்கு வெறும் அலுமினியம் மறுபடி பூக்கும். வண்டி ஒரு நாள் நிற்கலாம் என்றால், இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு கொடுத்து, டப்பாவில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிட்டு ஏற்றுங்கள். தடிப்பாக அடித்தால் அதுவே அடுத்த உரிசல்.

சின்னச் சின்னக் குழிகள் தேய்த்தும் போகவில்லையென்றால் மட்டும் பீட் சீலர். கருப்பாக, கெட்டியாக, பிரஷ் வைத்த டப்பாவில் வரும். குழி இருக்கும் இடத்தில் மெல்லிசாகப் பூசினால் போதும். அது எளிதில் தீப்பற்றும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சுத்தம் செய்யாமல் அழுக்கின் மேல் பூசுகிற கடைகள் உண்டு. அப்படிச் செய்தால் கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்ப நுரை வரும்.

புது வால்வைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இழுத்து மாட்டிய பிறகு டயர். சுழலும் திசை அம்புக்குறி சரியா, மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரா என்று பாருங்கள். 40 வரை அடித்து பீட் உட்கார்ந்ததும் 28க்கு இறக்கி, வண்டியில் மாட்டும் முன்பே இன்னொரு தடவை சோப்புத் தண்ணீர், இந்த முறை 20இலும் சேர்த்து. மாட்டிய பிறகு பிரேக் பெடலை நாலைந்து தடவை அழுத்தி, அது கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

---

வால்வுபின்

ஒன்று சேர்க்கிறேன். டயர் கழறியிருக்கும்போதே வெறும் வீலை வண்டியின் அச்சில் கோத்து, ரிம்மைச் சுற்றிவிட்டு நெளிவு பாருங்கள். பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனை ரிம் ஓரத்தைத் தொடும் தூரத்தில் வைத்தால் போதும். மேல் கீழாகவோ பக்கவாட்டிலோ 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் வீலைச் சரிபார்க்க வேண்டும்; பல மேனுவல்களில் அதுதான் எல்லை. ரிம் ஓரம் பள்ளத்தில் அடிபட்டு நசுங்கியிருந்தால் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். வார்ப்பு அலுமினியத்தில் அது வெடிப்பு விட வாய்ப்பு அதிகம். பின் வீலில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

---

முத்துநகர்_ரைடர்

சனிக்கிழமை கடையில பேசிட்டேன், சுத்தம் பண்ண நேரம் தர்றேன்னு சொல்லிட்டாங்க. கடைசியா ஒண்ணு: முன் வீலுக்கும் அதே கோட்டிங்தான். அதையும் இப்பவே பிரிச்சிடணுமா? காத்து இப்போதைக்கு நிக்குது.

---

ரிம்_ஓரம்

காற்று நிற்கும் பீட்டைக் கிளறாதீர்கள். பிரித்தால் பின் வீலில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும். வாரம் ஒரு காலை, அதே கேஜில் அளவைக் குறித்து வாருங்கள். வாரத்துக்கு இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கத் தொடங்கினால் அப்போது பிரிக்கலாம். அதுவரை ரிம் ஓரத்தை நல்ல தண்ணீரால் கழுவி உப்பு தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் டயர் மாற்றும் நாளில், கடைக்குப் போகும்போதே உப்புத்தாளும் புது வால்வும் கையில் கொண்டு போய்விடுங்கள்.